கொப்பி மெஷினில் இருந்து கொம்பியூட்டருக்கு ஸ்கான் போகவில்லை: ரவுட்டரும் லப்டொப்பும் மாறிய பிறகு

வயல்கரை எழுதியது:

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் சங்கத்தின் சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் இருப்பது தரையில் நிற்கிற பெரிய கொப்பி மெஷின். திருத்தி விற்றதை வாங்கினோம். பின்பக்கத் தகட்டில் 2010 என்று இருக்கிறது. கொப்பி நன்றாக எடுக்கிறது, பிரிண்டும் வருகிறது. ஸ்கான் மட்டும் மூன்று கிழமையாகப் போகவில்லை.

முன்பு கண்ணாடியில் பத்திரத்தை வைத்து, ஸ்கான் பட்டனையும் பிறகு ஒன்றாம் இலக்கத்தையும் அழுத்தினால் போதும். முன்மேசைக் கொம்பியூட்டரில் உள்ள போல்டருக்குள் பிடிஎப் வந்து விழும். மூன்று கிழமைக்கு முன் ஒரு பின்னேரம் இடி விழுந்தது. ரவுட்டரும் எரிந்தது, அந்தக் கொம்பியூட்டரும் எரிந்தது. அது வின்டோஸ் 7. இப்போது சிம் போடுகிற புது ரவுட்டர், வின்டோஸ் 11 உள்ள புது லப்டொப். ஸ்கான் கொடுத்தால் மெஷின் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, 'இணைக்க முடியவில்லை' என்கிற மாதிரி ஒரு செய்தியை அச்சடித்துத் தருகிறது.

நான் செய்து பார்த்தவை: மெஷினை நிறுத்திப் போட்டேன். நெற்வேர்க் கேபிளைக் கழற்றிப் பூட்டினேன். லப்டொப்பில் 'காணிப் பத்திரங்கள்' என்று போல்டர் செய்து ஷெயர் பண்ணினேன். லப்டொப்பைத் திறக்கிற பின் நம்பரை மெஷினில் பாஸ்வேர்ட்டாகக் கொடுத்தேன். பயர்வோலையும் நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. மெஷினைத் தந்தவரைக் கேட்டால், இடியில் நெற்வேர்க் போர்ட் போயிருக்கும், மாற்றவேண்டும் என்கிறார். அவர் சொல்லும் காசு சங்கத்தில் இல்லை.

இது எங்களுக்கு ஏன் அவசரம் என்றும் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா காணி அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்தார். ஒரு சொப்பிங் பைக்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள் பழைய கொப்பி மட்டை, அதற்குள் பத்திரம். நாலாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் துணி மாதிரி ஆகிவிட்டது. மடிப்புகள் சந்திக்கும் நடுவில் விரல் நுனி அளவு ஓட்டை. கடைசிச் சண்டை நேரம் மாத்தளனுக்கும் இதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போனேன் பிள்ளை, இதுக்கு வேறு பிரதி இல்லை என்றார். போனில் படம் எடுத்தேன். நிழல் விழுந்து, ஊதா முத்திரை தெரியவில்லை. அடுத்த கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவருடைய ஊரில் இருந்து வர ஒரு நாளே போகிறது. இப்படிக் காத்திருப்பவர்கள் பதினைந்து பேருக்கு மேல்.

போர்ட்தான் பழுதா, இல்லை செற்றிங்கா? எப்படி உறுதிப்படுத்துவது?

செட்டிகுளம் எழுதியது:

தங்கச்சி, எங்கள் அலுவலகத்திலும் வின்டோஸ் மாற்றினவுடன் இதே மாதிரி நின்றது. கொன்ட்ரோல் பனலில் வின்டோஸ் பீச்சர்ஸ் என்ற பட்டியலைத் திறந்து எஸ்எம்பி 1 என்று இருப்பதில் சரி போடுங்கள், நெற்வேர்க் வழியாகப் போல்டருக்குள் பைல் போடுகிற முறை அது. லப்டொப்பை ஒருமுறை நிறுத்திப் போட்டால் வேலை முடிந்தது.

மாங்குளம்_திருத்துநர் எழுதியது:

தங்கச்சி, போர்ட் மாற்ற இப்போதைக்குக் காசு கொடுக்கவேண்டாம். பதினான்கு வருடமாக இந்த மெஷின்களோடுதான் வேலை. வவுனியாவில் இருந்து பரந்தன் வரை மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஒரே நாளில் இரண்டு மாற்றம் நடந்திருக்கிறது, அதனால் பிழையும் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது மறித்துக்கொண்டு நிற்கும். நாமோ செய்தது பிழை என்று நினைத்துத் திருப்பி மாற்றிவிடுவோம். ஆகவே ஒவ்வொன்றாகப் போங்கள்.

முதலில் ஒரு கேள்வி. பிரிண்ட் வருகிறது என்கிறீர்கள். அது எந்தக் கேபிளில் வருகிறது? மெஷினில் பூட்டுகிற தலை சதுரமாக இருந்தால் அது யூஎஸ்பி. அதற்கும் நெற்வேர்க்குக்கும் சம்பந்தமே இல்லை. பிரிண்ட் வருகிறதே, நெற்வேர்க் சரிதான் என்று நினைத்து நானே ஒருமுறை முறிகண்டியில் அரை நாள் வீணாக்கியிருக்கிறேன்.

அடுத்தது போர்ட். கேபிள் பூட்டியிருக்கும் இடத்தில் சின்ன விளக்கு இருக்கும். அது எரிந்து சிமிட்டினால் போர்ட்டில் உயிர் இருக்கிறது. எரியாவிட்டால் ரவுட்டரில் வேறு துளையிலும், வேறு கேபிளிலும் பாருங்கள். அதற்குப் பிறகும் இருட்டாக இருந்தால்தான் போர்ட்டைச் சந்தேகிக்கவேண்டும்.

இனி முகவரி. என் எண்ணம், முதல் பிழை இங்கேதான். மெஷினின் செற்றிங்கில் இருந்து நெற்வேர்க் விபரப் பக்கத்தை அச்சடித்து எடுங்கள். அதில் ஐபி முகவரி இருக்கும். லப்டொப்பில் கொமாண்ட் புரொம்ப்ட் என்கிற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகொன்பிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் அதன் முகவரி வரும். பழைய ரவுட்டர்கள் பல 192.168.1 என்ற தொடரில் முகவரி கொடுத்தன. சிம் போடுகிற ரவுட்டர்களில் நிறைய 192.168.8 என்ற தொடரில் கொடுக்கின்றன. யாரோ உங்கள் மெஷினுக்கு முன்பு நிலையான முகவரி போட்டிருப்பார்கள். ரவுட்டர் மாறியது அதற்குத் தெரியாது. ஒரே அறையில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு ஊரில் இருப்பதாகத்தான் கணக்கு. 169.254 என்று தொடங்கினால் கதை வேறு: முகவரி கேட்டும் ரவுட்டரிடம் இருந்து பதில் வரவில்லை என்று பொருள், கேபிளைப் பாருங்கள்.

இரண்டும் வேறு தொடரில் இருந்தால் மெஷினுக்கு 192.168.8.50, சப்நெற் மாஸ்க் 255.255.255.0, கேற்வே 192.168.8.1 என்று போடுங்கள். அதற்கு முன் ரவுட்டரின் பக்கத்தில் அது தானாக ஒதுக்கும் முகவரிகள் எந்த எண்ணில் தொடங்குகின்றன என்று பார்த்து, 50 அதற்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். லப்டொப்புக்கும் ஒரு முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள், 192.168.8.20 என்று வைப்போம். ஒதுக்காவிட்டால் இன்று போகும், ஒரு நாள் கரண்ட் போய் வந்தபிறகு போகாது. பிறகு லப்டொப்பில் இருந்து மெஷினுக்கு பிங் கொடுங்கள், பதில் வருகிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கிற கட்டளை அது. பதில் வந்தால் போர்ட் பழுது என்ற கதை அத்தோடு முடிந்தது. மெஷினின் ஒன்றாம் இலக்கத்தில் பழைய கொம்பியூட்டரின் முகவரி இன்னும் கிடக்கும். அதையும் மாற்ற மறக்கவேண்டாம்.

அடுத்தது லப்டொப் பக்கம். பயர்வோலைத் திருப்பிப் போட்டுவிடுங்கள். நீங்கள் மாற்றவேண்டியது நெற்வேர்க்கின் வகையை. வின்டோஸ் 11இல் புதிதாகச் சேரும் வைபையை வெளியிடம் என்ற கணக்கில் பப்ளிக் என்று வைத்துவிடும். அப்போது வெளியில் இருந்து யாரும் போல்டரைத் தொட ஏலாது. அலுவலக வைபையை மட்டும் பிரைவேட் ஆக்குங்கள்.

பின் நம்பர் இதற்குச் சரிவராது. அது அந்த லப்டொப்பின் முன்னால் உட்கார்ந்து திறப்பவருக்கு மட்டும்தான். நெற்வேர்க் வழியாக வருகிறவர் அதைக் கொடுத்து உள்ளே வர முடியாது. லப்டொப்பில் ஸ்கான் என்ற பெயரில் புதிதாக ஒரு உள்ளூர்க் கணக்கைத் திறந்து, அதற்கு உண்மையான பாஸ்வேர்ட் போடுங்கள். பாஸ்வேர்ட்டை வெறுமையாக விட்டாலும் வின்டோஸ் வெளியில் இருந்து உள்ளே விடாது. போல்டரின் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் மெஷினின் பலகையில் தமிழ் எழுத்து இல்லையே, அந்தப் பெயரை எப்படி அடிப்பீர்கள்? இடைவெளி இல்லாத சின்ன இங்கிலிஷ் பெயராக ஒரு போல்டர் செய்யுங்கள். அதற்கு அனுமதி இரண்டு இடத்தில் கொடுக்கவேண்டும்: ஷெயரிங் பக்கத்தில் ஒருமுறை, செக்யூரிட்டி பக்கத்தில் ஒருமுறை. ஸ்கான் கணக்குக்கு இரண்டிலும் எழுதும் உரிமை இருக்கவேண்டும். பலர் முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவும் முடிந்தபிறகு மெஷினிடம் போகாமல், அலுவலகத்தில் வேறு கொம்பியூட்டர் இருந்தால் அதில் இருந்து அந்தப் போல்டருக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பின்சாய்கோடு, லப்டொப்பின் முகவரி, ஒரு பின்சாய்கோடு, போல்டரின் பெயர். ஸ்கான் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்ட்டையும் கொடுத்து ஏதாவது ஒரு பைலை உள்ளே போடுங்கள். அது போனால் லப்டொப் பக்கம் சுத்தம், மிச்சப் பிழை மெஷினில். போகாவிட்டால் மெஷினைத் தொட்டு வேலையில்லை.

செட்டிகுளம் அண்ணாவுக்கு: நீங்கள் சொன்ன வழியில் ஸ்கான் போகும், அது உண்மை. ஆனால் எஸ்எம்பி 1 பழைய வழி. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கொம்பியூட்டர்களைப் பூட்டிக் காசு கேட்டபோது, அது பரவியது அந்த எஸ்எம்பி 1இன் ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே கொடுத்திருந்தும், போடாதவர்கள் மாட்டினார்கள். அதே ஆண்டின் கடைசிப் பகுதியில் வந்த வின்டோஸ் 10 பதிப்பில் இருந்து, புதிதாக நிறுவும்போது, வெளியில் இருந்து வருவதை ஏற்கிற எஸ்எம்பி 1 பகுதி வருவதில்லை. சனங்களின் காணிப் பத்திரம் இருக்கிற லப்டொப்பில் அதைத் திறந்துவிட எனக்கு மனமில்லை. வேறு வழி இருக்கும்போது தேவையும் இல்லை.

வயல்கரை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன். பிரிண்ட் கேபிளின் தலை சதுரம்தான். உள்ளறைக் கொம்பியூட்டரில் இருந்து நேரே வருகிறது. மெஷினின் பின்னால் விளக்கு பச்சையாகச் சிமிட்டுகிறது. அச்சடித்த பக்கத்தில் 192.168.1.50 என்று இருந்தது, லப்டொப்பில் 192.168.8.104. மாற்றிவிட்டு பிங் கொடுத்தேன். நாலு முறையும் பதில் வந்தது. அந்த நாலு வரியையும் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, போர்ட்டுக்கென்று கடன் கேட்கப் போக இருந்தோம்.

ஸ்கான் கணக்கு, போல்டர், இரண்டு இடத்து அனுமதி எல்லாம் செய்தேன். செக்யூரிட்டி பக்கத்தில் நான் முன்பு ஒன்றுமே கொடுத்திருக்கவில்லை. உள்ளறைக் கொம்பியூட்டரில் இருந்து பைல் போகிறது. அது வின்டோஸ் 10.

ஆனால் மெஷினில் இருந்து இன்னும் போகவில்லை. அதே 'இணைக்க முடியவில்லை'. முகவரியை மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. மெஷினின் நெற்வேர்க் செற்றிங்கில் எஸ்எம்பி எத்தனையாம் பதிப்பு என்று தெரிவு செய்கிற இடமே இல்லை.

மாங்குளம்_திருத்துநர் எழுதியது:

அப்படியென்றால் இப்போது மிஞ்சியது ஒன்றுதான். உங்கள் மெஷினுக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டும், லப்டொப் அதைக் கதைப்பதில்லை. மெஷினைச் செய்த கொம்பனியின் தளத்தில் உங்கள் மொடலுக்குப் புதிய பேர்ம்வெயர், அதாவது மெஷினுக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள், இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சில மொடல்களுக்கு எஸ்எம்பி 2 அப்படித்தான் வந்தது. இல்லாவிட்டால் பைல் அனுப்புகிற இன்னொரு பழைய முறையான எப்ரிபி (FTP) வழியாக அனுப்புவோம். அந்தக் காலத்துப் பெரிய மெஷின்களில் அது அநேகமாக இருக்கும்.

லப்டொப்பில் பைல்சில்லா சேர்வர் என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். கிளையன்ற் என்று இன்னொன்றும் இருக்கிறது, அது இல்லை, சேர்வர். அதற்குள் ஒரு பயனரைத் திறந்து, அவருக்கு அந்த ஒரு போல்டரை மட்டும் கொடுங்கள். சாதாரண எப்ரிபியையும் ஏற்கும்படி இருக்கவேண்டும். ரிஎல்எஸ் என்கிற மறைகுறியாக்கம் கட்டாயம் என்று வைத்தால் பழைய மெஷின் வாசலிலேயே நின்றுவிடும். பயர்வோலில் அந்தச் செயலிக்குப் பிரைவேட் நெற்வேர்க்கில் மட்டும் வழி விடுங்கள். மெஷினில் ஒன்றாம் இலக்கத்தை அழித்து, எப்ரிபி வகையில் புதிதாகப் பதியுங்கள்: லப்டொப்பின் முகவரி, போர்ட் இலக்கம் 21, பயனர், பாஸ்வேர்ட். போல்டர் பாதை கேட்டால் ஒரு சாய்கோடு மட்டும். போகத் தொடங்கிப் பாதியில் நின்றால் பசிவ் மோட் என்பதை மாற்றிப் பாருங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எப்ரிபியில் பாஸ்வேர்ட் மூடாமல்தான் போகும், பத்திரமும் அப்படித்தான் போகும். ஆகவே வேறெங்கும் பாவிக்காத பாஸ்வேர்ட் ஒன்றை வையுங்கள். ரவுட்டரில் வெளியில் இருந்து உள்ளே வரும் வழி எதையும் திறக்கவேண்டாம். வைபை பாஸ்வேர்ட்டை வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் வேண்டாம். இந்தக் கட்டுப்பாடுகளோடு உங்கள் அறைக்குள் மட்டும் ஓடினால் எஸ்எம்பி 1ஐ விட இதுதான் என் தெரிவு. லப்டொப் தூங்கிப்போனாலும் ஸ்கான் போகாது. கரண்டில் பூட்டியிருக்கும்போது தூங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் பத்திரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை மேலே தாள் இழுக்கிற தட்டில் வைக்கவே வேண்டாம். நடுவில் ஓட்டை விழுந்த தாளை உருளை இரண்டாகக் கிழித்துவிடும். கண்ணாடியில் வைத்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, மூடியை மெதுவாக இறக்குங்கள். உங்கள் மெஷின் கலரில் ஸ்கான் எடுக்குமென்றால் கலரில், 300 டிபிஐயில் எடுங்கள். கொப்பி கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் ஸ்கான் கலரில் எடுக்கிற மெஷின்கள் உண்டு. ரெக்ஸ்ற் என்ற தெரிவில் எடுத்தால் மங்கிய ஊதா முத்திரையை அழுக்கென்று நினைத்து வெள்ளையாக்கிவிடும். முத்திரை இல்லாத பிரதியை வைத்து அந்த அம்மா என்ன செய்வார்?

லப்டொப்பில் மட்டும் வைத்திருக்கவும் வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துவிட்டு, அதைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். இடி உங்களுக்கு ஏற்கனவே ஒருமுறை காட்டிவிட்டது.

முல்லை_கொப்பிக்கடை எழுதியது:

இதோடு சேர்ந்த இரண்டு விடயம், வேறு யாருக்காவது உதவும். எங்கள் கடையில் உள்ளது எஸ்எம்பி 2 தெரிந்த மெஷின். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, வின்டோஸ் 11 அப்டேற் ஒன்று ஏறின அன்றே நின்றது. 24எச்2 என்ற பதிப்பு அது. அதில் இருந்து புரோ பதிப்பில், வருகிற ஒவ்வொரு எஸ்எம்பி செய்தியிலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கவேண்டும் என்று வின்டோஸ் கேட்கிறது. சில மெஷின்களில் கையொப்பத்தைப் போடச்சொல்லும் செற்றிங் இருக்கிறது. எங்களுடையதில் அதைப் போட்டவுடன் சரியாகிவிட்டது. முதலில் அதைத் தேடுங்கள். இல்லாதவர்கள்தான் லப்டொப் பக்கத்தில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்துவதைப் பற்றி யோசிக்கவேண்டும்.

மற்றது, ஸ்கானை ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு. 2022 மே 30இல் இருந்து சாதாரண பாஸ்வேர்ட்டை வைத்துக்கொண்டு மெஷின் உள்ளே போக முடியாது. கணக்கில் இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போட்டுவிட்டு, செயலிக்கான 16 எழுத்துப் பாஸ்வேர்ட்டை எடுத்து மெஷினில் கொடுக்கவேண்டும். போர்ட் இலக்கம் 587. அதுவும் சரியாக இருந்து போகாவிட்டால் மெஷினின் திகதியைப் பாருங்கள். பற்றரி போன பழைய மெஷின் நீண்ட கரண்ட் வெட்டுக்குப் பிறகு 2000ஆம் ஆண்டுக்கே போய்விடும், மெயில் சேர்வரின் சான்றிதழ் செல்லாது என்று நினைத்துக்கொள்ளும்.

செட்டிகுளம் எழுதியது:

மாங்குளம் தம்பிக்கு நன்றி. எங்கள் மெஷின் 2016. இன்று அதன் செற்றிங்கைக் கிண்டிப் பார்த்தேன், எஸ்எம்பி 2 என்று ஒரு தெரிவு சும்மா நிறுத்தி வைத்தபடி கிடந்தது. அதைப் போட்டுவிட்டு லப்டொப்பில் 1ஐ எடுத்துவிட்டேன். ஸ்கான் போகிறது. இவ்வளவு நாளும் தேவையில்லாமல் திறந்து வைத்திருந்திருக்கிறேன்.

வயல்கரை எழுதியது:

போகிறது அண்ணா. எங்கள் மொடலுக்குப் புதிய பேர்ம்வெயர் இல்லை, அதனால் எப்ரிபிதான். முதல் தடவை பாதியில் நின்றது, ஒரு பூச்சியம் அளவுள்ள பைல் வந்தது. பசிவ் மோடைப் போட்டபிறகு முழுதாக வந்தது. பரீட்சைக்கு எங்கள் சங்கத்தின் பழைய கடிதம் ஒன்றைக் கலரில் 300இல் எடுத்துப் பார்த்தேன். முத்திரையின் ஊதாவும் தெரிகிறது, அதன் ஓரத்தில் கையெழுத்துப் போட்ட பேனையின் நீலமும் தனியாகத் தெரிகிறது.

இரண்டு முகவரியையும் ஒரு மட்டையில் எழுதி மெஷினின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பாஸ்வேர்ட்டை எழுதவில்லை, அது தலைவரின் அலுமாரிக்குள். பத்திரங்கள் வந்து விழுந்தவுடன் உரியவரின் பெயரை நான் தமிழில் மாற்றிவிடுகிறேன், லப்டொப்புக்குள் அதற்குத் தடை இல்லை. ஹார்ட் டிஸ்க் வாங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன்.

அந்த அம்மாவின் மகனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்சில் கூட்டிக்கொண்டு வருகிறாராம். கண்ணாடியைத் துடைத்து, பின்னால் வைக்க வெள்ளைத் தாளும் எடுத்து வைத்துவிட்டேன்.